கொக்கட்டிச்சோலையைத் தேடுதல்

மட்டக்களப்பிலுள்ள கொக்கட்டிச்சோலை என்ற ஊரின் பெயரை ஆங்கில எழுத்தில் எழுதும்படி நாலு பேரிடம் கேட்டால் நாலு விதமாக எழுதுவார்கள். 'ட்டி' வரும் இடத்தில் ஒருவர் ஒற்றை ரீ போடுவார், இன்னொருவர் இரட்டை ரீ. மற்ற இருவரும் ஒற்றை டீ, இரட்டை டீ என்று பிரிவார்கள். 'ச்சோ'வுக்கு சீயும் எச்சும் ஒருமுறையா இருமுறையா, வெறும் எஸ் போதுமா என்பதிலும் ஒற்றுமை இல்லை. தமிழிலேயே 'கொக்கொட்டிச்சோலை' என்று எழுதுகிறவர்கள் உண்டு. அது ஆங்கிலத்துக்குப் போகும்போது ஏ இருக்க வேண்டிய இடத்தில் ஓ வந்து உட்கார்ந்துவிடும். நாலு, மூன்று, இரண்டு என்று பெருக்கிப் பார்த்தால் 24 வடிவங்கள். எல்லாமே புழக்கத்தில் இல்லை. ஆனாலும் ஆய்விதழ்களிலும் அரசாங்க அறிக்கைகளிலும் பழைய பத்திரிகைகளிலும் இவற்றில் பல உலவுகின்றன.

கண்ணால் வாசிக்கிற நமக்கு இது பொருட்டே இல்லை. பஸ்ஸின் நெற்றியில் எப்படி எழுதியிருந்தாலும் ஏறிவிடுவோம். கணினிக்கோ 24 வடிவமும் 24 வெவ்வேறு சொற்கள். நூலகத் தரவுத்தளங்களில் தேடுவது பற்றி ஒரு மாணவருக்கு ஒன்றே ஒன்றுதான் சொல்லலாம் என்றால் நான் இதைத்தான் சொல்வேன்: தேடல் பெட்டிக்குள் ஊரும் இல்லை, மீனும் இல்லை, பாலமும் இல்லை. சொற்கள் மட்டும் இருக்கின்றன. ஒன்றை யார் யார், எந்தக் காலத்தில், எந்தச் சொல்லால் எழுதினார்கள் என்று யோசிப்பது தேடுகிறவரின் வேலை.

கொக்கட்டிச்சோலைத் தான்தோன்றீஸ்வரர் கோயிலடியிலிருந்து வந்தாறுமூலைக் கம்பசுக்குப் போய்ப் படிக்கும் ஒரு பிள்ளையை நினைத்துக்கொள்வோம். இறுதியாண்டு. ஆய்வேட்டுக்கு அவர் எடுத்த தலைப்பு, மண்முனைப் பாலம் வந்த பிறகு படுவான்கரை (மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரை) மீனவரின் வாழ்க்கையில் ஏற்பட்ட மாற்றம். 2014இல் அந்தப் பாலம் திறக்கப்படும்வரை அங்கே வாவியைக் கடப்பதற்குப் 'பாதை' எனப்படும் மிதவைதான் இருந்தது. பிடித்த மீன் சந்தைக்குப் போகும் நேரமும் விலையும் அதை நம்பி இருந்தன. நல்ல தலைப்பு. பிள்ளை தரவுத்தளத்தைத் திறந்து தலைப்பை முழு வசனமாக அப்படியே தட்டுகிறார். முடிவுகள்: பூச்சியம். இரண்டு தடவை முயன்று பார்த்துவிட்டு, இந்த விடயம் தொடர்பாக முன்னைய ஆய்வுகள் எவையும் மேற்கொள்ளப்படவில்லை என்று எழுதி அடுத்த அத்தியாயத்துக்குப் போய்விடுகிறார்.

அந்த வசனத்தை எத்தனையோ ஆய்வேடுகளில் வாசித்திருக்கிறேன். வாசிக்கும்போதெல்லாம் மனம் வலிக்கும், ஏனென்றால் பல தடவை அது உண்மை இல்லை. எழுதப்பட்டவை எங்கோ இருக்கின்றன. அவற்றை எழுதியவர்களின் உழைப்பு ஒரு பக்கம் கிடக்க, அதே வேலையை இன்னொரு பிள்ளை முதலிலிருந்து தொடங்குகிறது. தேடுபொறி உள்ளே எப்படி இயங்குகிறது என்று அந்தப் பிள்ளைக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

அது இயங்கும் விதம் எளிமையானது. தடித்த புத்தகங்களின் கடைசியில் சொல்லடைவு இருக்கும்: சொல், அதற்குப் பக்கத்தில் அது வரும் பக்க எண்கள். தரவுத்தளமும் தன்னிடம் சேரும் ஒவ்வோர் ஆவணத்தையும் சொல் சொல்லாக உடைத்து இப்படியொரு மாபெரும் சொல்லடைவை முன்கூட்டியே செய்து வைத்துக்கொள்கிறது. நாம் தேடும்போது அது எந்த ஆவணத்தையும் திறந்து வாசிப்பதில்லை. சொல்லடைவை மட்டும் பார்க்கிறது. 'மண்முனை' என்ற சொல் 4, 19, 52, 87 ஆம் ஆவணங்களில் வருகிறது என்று வைப்போம். 'மீனவர்' 7, 19, 33, 52, 90இல். இரண்டையும் சேர்த்துக் கேட்டால் இரு வரிசைக்கும் பொதுவான 19உம் 52உம் கிடைக்கும். 'பாலம்' 2, 19, 61இல் இருந்தால் அதையும் சேர்த்தபின் 19 மட்டும் மிஞ்சும். 'மாற்றம்' என்று நாலாவது சொல்லைப் போடுகிறோம். 19 ஆம் ஆவணத்தை எழுதியவர் 'மாற்றம்' என்று எழுதாமல் 'தாக்கம்' என்று எழுதியிருக்கிறார். அத்தோடு பூச்சியம். நமக்கு வேண்டிய அதே கட்டுரை ஒரே ஒரு சொல்லால் கை நழுவிப் போகிறது. சொல்லைக் கூட்டக் கூட்ட விடை துல்லியமாகும் என்று நினைக்கிறோம். கூட்டுகிற ஒவ்வொரு சொல்லும் ஒரு கதவை அடைக்கவும் செய்கிறது.

இதற்கு வழி சொல்லும் கணிதம் 1854இலேயே வந்துவிட்டது. தர்க்கத்தை அல்ஜிப்ராவாக எழுதிக்காட்டிய ஜோர்ஜ் பூலின் நூல் வெளிவந்த ஆண்டு அது. தலைப்பை இரண்டு மூன்று கருத்துகளாகப் பிரிக்க வேண்டும். ஒரே கருத்தைக் குறிக்கும் சொற்களை 'அல்லது' போட்டு ஓர் அடைப்புக்குள் இட வேண்டும். அடைப்புகளை 'உம்' போட்டு இணைக்க வேண்டும். நம் பிள்ளையின் தலைப்பு இப்படி ஆகும்: (மண்முனை அல்லது படுவான்கரை அல்லது கொக்கட்டிச்சோலை) உம் (மீனவர் அல்லது மீன்பிடி அல்லது கடற்றொழில்) உம் (பாலம் அல்லது போக்குவரத்து). பெட்டிக்குள் தட்டும்போது 'அல்லது'வுக்கு ஓஆர் என்றும் 'உம்'முக்கு ஏஎன்டீ என்றும் ஆங்கிலப் பெரிய எழுத்தில் போட வேண்டும். சின்ன எழுத்தில் போட்டால் பல தளங்கள் அவற்றைச் சாதாரணச் சொற்களாக எடுத்துவிடும். 'இல்லாமல்' என்று விலக்கும் கட்டளையும் உண்டு. அதை நான் பரிந்துரைப்பதில்லை. யாழ்ப்பாணம் வேண்டாம் என்று விலக்கினால், யாழ்ப்பாணக் களப்பையும் மட்டக்களப்பு வாவியையும் ஒப்பிட்டு எழுதிய நல்ல கட்டுரையும் சேர்ந்து போய்விடும்.

ஆக, அடைப்புக்குள் என்னென்ன சொற்களைப் போடுவது என்பதில்தான் முழுத் திறமையும் இருக்கிறது. இது எவ்வளவு கடினம் என்பதை 1985இல் வெளிவந்த ஓர் ஆய்வு காட்டியது. அமெரிக்காவில் டேவிட் பிளேர், எம். ஈ. மரோன் என்ற இருவர், ஒரு பெரிய வழக்குக்காகக் கணினியில் ஏற்றப்பட்டிருந்த சுமார் 40,000 ஆவணங்களை எடுத்துக்கொண்டார்கள். அந்த வழக்கை நடத்திய சட்டத்தரணிகளே தேடச் சொன்னார்கள், தேடத் தெரிந்தவர்களே தேடினார்கள். சம்பந்தப்பட்ட ஆவணங்களில் முக்கால் பங்காவது கைக்கு வந்துவிட்டது என்று சட்டத்தரணிகள் திருப்தியாக இருந்தார்கள். ஆய்வாளர்கள் மாதிரிகள் எடுத்துச் சோதித்தபோது உண்மையில் வந்தது ஐந்தில் ஒரு பங்குதான் என்று தெரிந்தது. காரணம் சொற்கள். குறைகூறி எழுதியவர்கள் 'விபத்து' என்று எழுதியதை அதில் தொடர்புபட்டவர்கள் 'நிகழ்வு', 'நிலைமை', 'பிரச்சினை' என்று பூசிமெழுகி எழுதியிருந்தார்கள். தேடியவர்கள் 'விபத்து' என்றே தேடிக்கொண்டிருந்தார்கள்.

கொக்கட்டிச்சோலைக்காரருக்கு இதை விளக்கவே வேண்டியதில்லை. 1987 ஜனவரியில் இறால் பண்ணையில் நடந்ததும், 1991 ஜூன் 12இல் மகிழடித்தீவில் நடந்ததும் ஆங்கில ஆவணங்களில் ஒரே ஊர்ப்பெயரால் 'கொக்கட்டிச்சோலைப் படுகொலை' என்று குறிக்கப்படுகின்றன. ஒருவர் படுகொலை என்று எழுதியதை இன்னொருவர் சம்பவம் என்று எழுதியிருப்பார். ஆண்டைக் கட்டுப்படுத்தாமல் தேடினால் இரண்டும் கலந்து வரும். 'படுகொலை' என்று மட்டும் தேடினால் 'சம்பவம்' என்று எழுதிய அறிக்கை வராது. இறந்தவர்களின் கணக்கை ஒழுங்காக எழுத நினைக்கும் மாணவர் இரண்டு சொல்லையும், இரண்டு இடப்பெயரையும், இரண்டு ஆண்டையும் போட்டுத் தேடியே ஆகவேண்டும்.

நாட்டுக்கே பெயர் மாறியிருக்கிறது. 1972க்கு முந்திய ஆங்கில எழுத்துகளில் இலங்கையை 'சிலோன்' என்று தேட வேண்டும். எஸ். ஓ. கனகரத்தினம் மட்டக்களப்பு மாவட்டத்தைப் பற்றி ஆங்கிலத்தில் எழுதிய நூல் 1921இல் வந்தது, அதன் தலைப்பில் இருப்பது சிலோன்தான்.

மீனுக்கும் இதே கதை. நம் பிள்ளை வாவியின் மீன்வளம் பற்றிய பகுதிக்கு வருகிறார். இலங்கையில் பலரும் யப்பான் மீன் என்றும், தமிழ்நாட்டில் ஜிலேபி என்றும் சொல்லும் திலாப்பியா 1952இல் வெளியிலிருந்து இலங்கைக்குக் கொண்டுவரப்பட்டது. ஊர்ப்பெயர் மாறினாலும் விஞ்ஞானப் பெயர் மாறாது என்று பள்ளிக்கூடத்தில் படித்திருக்கிறோம். அதுவும் மாறும். ஆரம்பகாலக் கட்டுரைகளில் இது திலாப்பியா மொசாம்பிகா. பிறகு சில காலம் சாரோதெரோடன் மொசாம்பிக்கஸ். எதெல்வின் டிரெவாவாஸ் என்ற பிரித்தானிய மீனியல் அறிஞர் 1983இல் இந்தப் பேரினங்களை விரிவாக வகைப்படுத்தி எழுதிய பிறகு ஒரியோக்ரோமிஸ் மொசாம்பிக்கஸ் நிலைத்தது. இன்றைய பெயரை மட்டும் தட்டினால் மீன் புதிதாக வந்துசேர்ந்த முதல் முப்பது ஆண்டுகளின் ஆய்வுகள் பெரும்பாலும் மறைந்துவிடும். நமக்கு வேண்டியதே அந்த முப்பது ஆண்டுகள்தான்.

எதிர்த்திசையிலும் சிக்கல் உண்டு. மட்டக்களப்பில் 'பாதை' என்றால் வாவியைக் கடக்கும் மிதவை. மண்முனைப் பாதை, அம்பிளாந்துறைப் பாதை என்று சொன்னால் இங்கே சின்னப் பிள்ளைக்கும் விளங்கும். தரவுத்தளத்தில் 'பாதை' என்று போட்டால் நாட்டிலுள்ள அத்தனை தெருவும் வந்து குவியும். மேலே காட்டிய அடைப்பில் நான் அதைச் சேர்க்காமல் விட்டது அதனால்தான். இப்படிப்பட்ட சொல்லுக்குத் துணை கொடுக்க வேண்டும்: 'மண்முனைப் பாதை' என்று இரண்டு சொல்லையும் இரட்டை மேற்கோள்குறிக்குள் போட்டால் அவை அதே வரிசையில் சேர்ந்து வரும் இடங்கள் மட்டும் கிடைக்கும்.

எந்தச் சொல்லுக்கு எவ்வளவு பலம் என்பதை 1972இல் கேரன் ஸ்பார்க் ஜோன்ஸ் என்ற ஆங்கிலப் பெண் அறிஞர் ஒரு கட்டுரையில் கணக்காக எழுதினார். ஒரு தொகுப்பில் எவ்வளவு அரிதாக ஒரு சொல் வருகிறதோ அவ்வளவுக்கு அதற்கு எடை அதிகம். இன்றுவரை தேடுபொறிகளின் வரிசைப்படுத்தலுக்கு அடியில் இந்த எண்ணம் இருக்கிறது. இலங்கைப் பல்கலைக்கழகக் களஞ்சியம் ஒன்றில் 'இலங்கை' என்று தேடுவது வாவிக்குள் நின்றுகொண்டு தண்ணீரைத் தேடுவதற்குச் சமம். 'ஆய்வு', 'தாக்கம்', 'பிரச்சினைகள்' போன்ற சொற்களும் அப்படியே, எல்லா ஆய்வேட்டிலும் இருக்கின்றன. 'மண்முனை' அரிது. முதலில் தட்ட வேண்டியது அதுதான்.

இனித் தமிழ் எழுத்துக்கே உரிய சிக்கல்களுக்கு வருவோம். இவற்றை ஆங்கில வழிகாட்டிகள் எதுவும் நமக்குச் சொல்லித்தராது. நம் பல்கலைக்கழகங்களில் பல ஆண்டுகள் ஆய்வேடுகள் பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்யப்பட்டன. திரையில் அழகான தமிழ் தெரியும், ஆனால் அடியில் கணினி வைத்திருப்பது ஆங்கில எழுத்துகள். பாமினியில் 'மட்டக்களப்பு' என்று அடிப்பவர் உண்மையில் அடிப்பது கே, எல், அரைப்புள்ளி, எல், எஃப், அரைப்புள்ளி, எஃப், எஸ், ஜீ, அரைப்புள்ளி, பெரிய ஜீ. அந்தக் கோப்பை அப்படியே களஞ்சியத்தில் ஏற்றினால் சொல்லடைவுக்குள் போவது இந்தக் குழப்பம்தான். யூனிகோடில் 'மட்டக்களப்பு' என்று தேடும் எவருக்கும் அந்த ஆய்வேட்டின் உள்பக்கங்கள் தென்படாது. நூலகர் தனியாகத் தட்டிச் சேர்த்த தலைப்பும் ஆசிரியர் பெயரும் மட்டுமே கைகொடுக்கும். ஆகவே பழைய தமிழ் ஆய்வேடுகளுக்கு உள்ளடக்கத் தேடலை நம்பாதீர்கள். தலைப்பு, ஆசிரியர், துறை, ஆண்டு என்று தேடி, கோப்பைத் திறந்து பொருளடக்கத்தைக் கண்ணால் வாசியுங்கள்.

யூனிகோடுக்குள்ளும் ஒரு நுட்பம் உண்டு. 'கொ' என்ற எழுத்தின் கொம்பையும் காலையும் சேர்த்து ஒரே குறியீடாகவும் எழுதலாம், கொம்பு தனி, கால் தனி என்று இரண்டு குறியீடாகவும் எழுதலாம். திரையில் இரண்டுக்கும் வித்தியாசமே தெரியாது. நல்ல தளங்கள் இரண்டையும் ஒன்றாக்கிக்கொள்ளும், கவனமில்லாத தளங்கள் விட்டுவிடும். கொக்கட்டிச்சோலையில் 'கொ'வும் இருக்கிறது, 'சோ'வும் இருக்கிறது. ஒரு தளத்தில் ஊர்ப்பெயர் அகப்படவில்லை என்றால், அங்கே ஏற்கனவே இருக்கும் ஏதாவது பக்கத்திலிருந்து பெயரைப் பிரதி எடுத்து ஒட்டித் தேடிப் பாருங்கள்.

வேற்றுமை உருபும் இருக்கிறது. மட்டக்களப்பு, மட்டக்களப்பில், மட்டக்களப்பின் எல்லாம் கணினிக்கு வேறு வேறு சொற்கள். சொல்லை வெட்டி உடுக்குறி போட்டால் பல தளங்கள் மிச்சத்தை எதுவாக இருந்தாலும் ஏற்றுக்கொள்ளும். எங்கே வெட்டுவது? 'மட்டக்களப்பு' என்று முடித்து உடுக்குறி இட்டால் 'மட்டக்களப்பில்' வராது, உகரம் அங்கே போய்விடுகிறது. 'மட்டக்களப்ப' என்று அகரத்தோடு நிறுத்தி உடுக்குறி இட வேண்டும். கணினியின் கணக்கில் பு, பி எல்லாம் 'ப'வோடு ஒரு குறி சேர்ந்தவை, ஆகவே எல்லாம் வலையில் விழும். கொக்கட்டிச்சோலைக்கு இந்தத் தொல்லை இல்லை, முழுச்சொல்லோடு உடுக்குறி போட்டால் போதும். கூகிள் ஸ்காலரில் மட்டும் உடுக்குறி வேலை செய்யாது, அங்கே வடிவங்களைத் தனித்தனியே எழுத வேண்டும்.

எங்கே தேடுவது என்பதும் முக்கியம். நூலகத்தின் நூற்பட்டியல் ஒன்று, ஆய்வேடுகள் இருக்கும் களஞ்சியம் வேறு, ஆய்விதழ்த் தரவுத்தளம் வேறு. பட்டியலில் புத்தகத்தின் பெயரும் பொருட்தலைப்பும் இருக்கும், உள்ளே இருப்பது இருக்காது. வி. சீ. கந்தையாவின் 'மட்டக்களப்புத் தமிழகம்' 1964இல் வந்தது. அதற்குள் தனித்தனி ஊர்களைப் பற்றி என்ன இருக்கிறது என்று பட்டியல் உங்களுக்குச் சொல்லாது. அதனால் ஊரில் கிடைக்காவிட்டால் ஒரு படி மேலே ஏறுங்கள்: பிரதேச செயலகப் பிரிவு, பிறகு மாவட்டம், பிறகு கிழக்கு மாகாணம். அரசாங்கப் புள்ளிவிவரங்கள் கொக்கட்டிச்சோலை என்று பேசுவதைவிட 'மண்முனை தென்மேற்கு' என்றே அதிகம் பேசும். மானிடவியலாளர்கள் அதிகம் எழுதுவது மட்டக்களப்பு என்றும் படுவான்கரை என்றும். மார்கரெட் டிராவிக்கின் 2007ஆம் ஆண்டு நூலும் டெனிஸ் மக்கில்வ்ரேயின் 2008ஆம் ஆண்டு நூலும் இந்த வழியில்தான் அகப்படும்.

2005இல் தொடங்கிய நூலகம் இணையத்தளத்தை நம் மாணவர்கள் போதிய அளவு பயன்படுத்துவதில்லை என்பது என் ஆதங்கம். ஈழத்துப் பழைய சஞ்சிகைகள், கோயில் கும்பாபிஷேக மலர்கள், பிரதேச சாகித்திய விழா மலர்கள், செய்தித்தாள்கள் எல்லாம் அங்கே படமாக்கப்பட்டுக் கிடக்கின்றன. உலகத்தின் பெரிய ஆய்விதழ்த் தரவுத்தளங்களில் அவை பெரும்பாலும் இல்லை. பல பக்கப் படங்கள் என்பதால் உள்ளே உள்ள வரிகள் தேடலில் அகப்படாமல் போகலாம். ஆனால் பல இதழ்களின் உள்ளடக்கத்தைத் தன்னார்வலர்கள் கையால் தட்டி வைத்திருக்கிறார்கள். அந்தப் பட்டியல் தேடலில் வரும்.

ஒரு நல்ல கட்டுரை கிடைத்துவிட்டால் தேடல் பெட்டியைக் கொஞ்சம் மூடிவைக்கலாம். அதன் கடைசிப் பக்கங்களில் உள்ள நூற்பட்டியல் பின்னோக்கி அழைத்துச் செல்லும். அதை மேற்கோள் காட்டியவர்கள் யார் என்ற பட்டியல் முன்னோக்கி அழைத்துச் செல்லும். இந்த இரண்டாவது வழியை 1964இல் மேற்கோள் அட்டவணையாகவே அச்சிட்டுத் தந்தவர் யூஜின் கார்ஃபீல்ட். கூகிள் ஸ்காலரில் ஒவ்வொரு முடிவின் கீழும் எண்ணோடு வரும் இணைப்பு அதன் வாரிசு. சொல் எதுவாக இருந்தாலும் பரவாயில்லை, ஒரே விடயத்தைப் பேசுகிறவர்கள் ஒருவரையொருவர் சுட்டிக்கொள்வார்கள். சொல்லின் சிறையிலிருந்து தப்ப எனக்குத் தெரிந்த மிகச் சிறந்த வழி இது. கட்டுரைக்குக் காசு கேட்டால் நூலகரிடம் கேளுங்கள், ஆசிரியருக்கே ஒரு மின்னஞ்சல் போடுங்கள். பலர் மகிழ்ச்சியோடு அனுப்பிவைப்பார்கள். செயற்கை நுண்ணறிவுச் செயலி தரும் நூற்பட்டியலை மட்டும் அப்படியே ஒட்டாதீர்கள். இல்லாத கட்டுரைக்கும் அது ஆசிரியரும் ஆண்டும் சூட்டிவிடும். ஒவ்வொன்றையும் தரவுத்தளத்தில் போட்டு இருக்கிறதா என்று பார்த்த பிறகே எழுதுங்கள்.

படுவான்கரைப் பிள்ளைக்கு இந்த வேலையில் ஒரு பலம் இருக்கிறது. பாதை என்றால் என்ன, யப்பான் மீன் என்றால் எது, கொக்கட்டியா கொக்கொட்டியா என்பதெல்லாம் அவருக்குக் கொழும்பிலோ லண்டனிலோ இருக்கும் ஆய்வாளரைவிட நன்றாகத் தெரியும். தேடும் முன் பத்து நிமிடம் ஒதுக்கி, அம்மாவிடமும் மீன்பிடிக்கும் மாமாவிடமும் கேட்டு, அந்தச் சொற்களைத் தாளில் எழுதிக்கொண்டு கணினியின் முன் உட்கார்ந்தால் போதும்.

ஆய்வேட்டை எழுதி முடித்து ஒப்படைக்கும் பிள்ளைகளிடம் ஒரு வேண்டுகோள். சுருக்கத்தின் கீழே திறவுச்சொற்கள் என்று ஒரு வரி இருக்கிறது. பலர் அதைக் கடைசி நிமிடத்தில் நாலு பொதுச்சொற்களால் நிரப்பிவிடுகிறார்கள். அதில் ஊர்ப்பெயரைத் தமிழில் இரண்டு வடிவத்திலும், ஆங்கிலத்தில் குறைந்தது மூன்று வடிவத்திலும், பிரதேச செயலகப் பிரிவின் பெயரோடு, யூனிகோடில் எழுதுங்கள். அடுத்த வருடம் கொக்கட்டிச்சோலையைத் தேடி வரும் பிள்ளை உங்களை அந்த வரியால்தான் கண்டுபிடிக்கும்.